'முடிவு வரட்டும்' என்ற வாக்கியத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் ரத்தப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கையில் சிவப்புப் பேனா இருந்தது. அச்சகத்தில் 31 வருடம் புரூஃப் பார்த்தவனுக்கு அது தானாக வந்துவிடுகிறது. 'மஜ்ஜை' ஓரிடத்தில் 'மச்சை' ஆகியிருந்தது. ஒரு படக்குறிப்பு வேறு படத்துக்குக் கீழே போயிருந்தது. அதையெல்லாம் விட்டுவிடலாம், நானும் என் காலத்தில் எத்தனையோ விட்டிருக்கிறேன். ஒரு வாக்கியத்தை மட்டும் விட முடியவில்லை.

"ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகம் எழுந்தால் பதற வேண்டாம், மரபணுப் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுத்திருந்து, வகை உறுதியான பிறகு சிகிச்சையைத் தொடங்கினால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

பல வகைகளுக்கு இது சரிதான். சில நாள் காத்திருந்தாலும் வகையைத் தெரிந்துகொண்டு, அதற்கான மருந்தைக் கொடுப்பதே நல்லது என்று என் டாக்டரே சொல்வார். ஆனால் ஒரு வகை இருக்கிறது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்று முழுப்பெயர், ஆஸ்பத்திரியில் ஏபிஎல் என்பார்கள். அபூர்வமான வகை. அக்யூட் மைலாய்டு லுகேமியா என்கிற பெரிய குடும்பத்திலேயே பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் இது வரும். மற்ற வகைகள் வயதானவர்களைத் தேடிப் போக, இது உழைக்கிற வயதில் இருப்பவர்களையும் நிறையப் பிடிக்கிறது. இந்த வகை வந்தவர் உங்கள் வாக்கியத்தை நம்பிக் காத்திருந்தால் உயிரே போய்விடலாம். எனக்கு வந்தது இந்த வகை. எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்த தம்பிக்கும் இதுவேதான்.

நான்கு வருடத்துக்கு முன்பு, எனக்கு 55 வயது. மேசை விளிம்பில் இடது முன்கையை ஊன்றியபடிதான் வேலை பார்ப்பேன். ஊன்றும் இடம் ஒரு வாரமாகக் கருநீலமாகக் கன்றிப் போயிருந்தது. மை ஒட்டியிருக்கிறது என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. சவரம் செய்யும்போது பட்ட சின்னக் கீறல் மத்தியானம் வரை கசிந்துகொண்டே இருந்தது. பல் துலக்கினால் வாயெல்லாம் ரத்தம். பல் டாக்டர் ஈறு வீங்கியிருக்கிறது என்று சொல்லி வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். நல்லவேளையாகப் பல்லைப் பிடுங்கவில்லை. அது எவ்வளவு பெரிய நல்லவேளை என்பது பிறகுதான் புரிந்தது.

அசதி கூடிப்போய் வேறொரு டாக்டரிடம் போனதில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளையணு 1,900, ஹீமோகுளோபின் 8.1, பிளேட்லெட் 18,000, மூன்றுமே குறைவு. "வைரஸ் காய்ச்சல் மாதிரி இருக்கு. மூணு நாள் கழிச்சு இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்போம்" என்றார் அவர். இப்படி ஒரு சீட்டோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது வைரஸ் காய்ச்சலாகத்தான் இருக்கும், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என்னைக் காப்பாற்றியது பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா. எந்திரம் போட்ட எண்களை அச்சடித்துக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல், ஒரு சொட்டை ஸ்லைடில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். இரவு ஏழரை மணிக்கு வீட்டுக்குப் போன் வந்தது.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்குன்னு வேண்டாம். ஸ்லைடைக் கையோட தர்றேன், வந்து வாங்கிக்குங்க."

அவர் கண்டது என்ன என்பதைப் பல மாதம் கழித்து டாக்டர் எனக்குக் காட்டினார். அணுவுக்குள் கத்தரிப்பூ நிறத்தில் பொடிப்பொடியாகத் துகள்கள். நடுவே மெல்லிய குச்சிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, விறகுக் கட்டு போல. ஆவர் தண்டுகள் என்று பெயராம். ஒன்றிரண்டு குச்சி வேறு வகைகளிலும் இருக்கும், கட்டுக்கட்டாக இருந்தால் முதல் சந்தேகம் ஏபிஎல் மேல்தான். எந்திரம் எண்ணிக் கொடுத்ததை அந்த அம்மா படித்தார். நான் 31 வருடம் சம்பளம் வாங்கியதும் அந்த வித்தியாசத்துக்காகத்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றிரவு டூட்டியில் இருந்தவர் என் மகள் வயதுள்ள டாக்டர். ஸ்லைடைப் பார்த்தார், மூத்த டாக்டருக்குப் போன் செய்தார், மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பினார். உடனே மருந்தகத்திலிருந்து மாத்திரை கொண்டுவரச் சொன்னார். என் மனைவி கேட்டாள், "டெஸ்ட் முடிவு வர்றதுக்கு முன்னாடியே மருந்தா டாக்டர்?"

"இது அந்த நோய் இல்லேன்னு பின்னாடி தெரிஞ்சா மாத்திரையை நிறுத்திடலாம்மா, பெரிசா கெடுதல் வராது. அதுவா இருந்து, கொடுக்காம விட்டுட்டோம்னா, அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்லை" என்றார்.

இரவு 11.40-க்கு நான்கு காப்ஸ்யூல் விழுங்கினேன். மரபணுச் சோதனையின் முடிவு நான்காவது நாள் வந்தது. நான் எழுத வந்த விஷயம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அவசரம் ஏன் என்று கேட்கலாம். ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் படிப்படியாக முதிர்ந்துதான் வெளியே வரும். வெள்ளையணுக்களில் ஒரு வகை, புரோமைலோசைட் என்ற நடுப்படியிலேயே தேங்கிப் பெருகுவதுதான் இந்த நோய். தேங்கிய அணுக்கள் ஒரே நேரத்தில் இரண்டு விஷமம் செய்கின்றன. வேண்டாத இடத்தில் ரத்தத்தை உறையவைக்கின்றன, உறைந்ததை வேண்டாத வேகத்தில் கரைக்கவும் செய்கின்றன. ரத்தம் உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதமும் பிளேட்லெட் அணுக்களும் இதிலேயே செலவாகிவிடும். அதன்பின் மூளையிலோ நுரையீரலிலோ ஒரு நூலிழைக் குழாய் கசிந்தாலும் அடைக்க உடம்பில் சரக்கு இருக்காது. இந்த நோயில் முதல் சில வாரங்களில் இறப்பவர்கள் பெரும்பாலும் புற்று முற்றி இறப்பதில்லை, ரத்தம் கசிந்து இறக்கிறார்கள். அந்தக் கசிவின் ஊற்றை அடைப்பது அந்தக் காப்ஸ்யூல்தான்.

கூடவே மற்ற காரியங்களும் நடந்தன. ஃபைப்ரினோஜன் 200-க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 90 இருந்தது. பை பையாக பிளேட்லெட்டும் கிரையோ என்கிற உறைபொருளும் ஏற்றினார்கள். தினமும் இரண்டு வேளை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தசையில் ஊசி போடக் கூடாது, கழுத்தில் குழாய் இறக்கக் கூடாது, முதுகுத்தண்டில் நீர் எடுக்கக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் சிஸ்டர் எழுதி ஒட்டினார். 'கூடாது' மூன்று தடவை, மூன்றும் சரியான எழுத்துக்கூட்டலில். அந்த நிலையிலும் பார்த்தேன்.

தம்பி வந்தது என்னுடைய மூன்றாவது நாள். வயது 26. அக்கா ஒருத்தி கூட இருந்தாள். வேறொரு இடத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். அங்கேயும் ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். 'முடிவு வரட்டும், வந்ததும் மருந்து ஆரம்பிக்கலாம்' என்று படுக்கவைத்திருக்கிறார்கள். வாக்கியம் உங்களுடையதேதான், ஆசிரியரே, அவர்கள் சொன்னது கொஞ்சம் சுருக்கமாக.

இங்கே வந்த ஒரு மணி நேரத்துக்குள் அவனுக்கும் காப்ஸ்யூல் கொடுத்தார்கள். வெள்ளையணு 42,000 இருந்தது. மறுநாள் காலையில், "சார், அந்த லைட்டைக் கொஞ்சம் அணைக்கச் சொல்றீங்களா, கண்ணு கூசுது" என்றான். சிஸ்டரைக் கூப்பிட்டேன். தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினான். ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். கட்டில் சாயங்காலம் வரை காலியாக இருந்தது, பிறகு விரிப்பை மாற்றினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவன் பையை எடுத்துப்போக அக்கா வந்தாள். கையில் ஒரு கவர். என் கட்டில் பக்கம் வந்து, "ரிப்போர்ட் வந்துடுச்சு சார்" என்றாள்.

மூன்று நாள் முன்பே மருந்து கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. வெள்ளையணு 10,000-ஐத் தாண்டினாலே இந்த நோயில் ஆபத்து அதிகம் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த மூன்று நாளும் காப்ஸ்யூல் மருந்தக அலமாரியில்தான் இருந்தது. அதை நினைக்காமல் ஒரு நாளும் போவதில்லை.

இனி அந்த மருந்தைப் பற்றி. 'கீமோ, எலும்பு மஜ்ஜை மாற்று ஆகிய இரண்டே வழிகள்' என்கிறது உங்கள் கட்டுரை. எனக்கு மஜ்ஜை மாற்றவே இல்லை. வழக்கமான கீமோ ஒரு சொட்டுகூட ஏறவில்லை, தலைமுடி இருந்தபடி இருக்கிறது. நான் விழுங்கியது ஏட்ரா, இன்னொரு பெயர் ட்ரெட்டினோயின். வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் ஒரு அமிலம். முகப்பருவுக்குத் தடவும் களிம்பில் இருப்பதும் இதே பொருள்தான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காகக் கடையில் விற்கும் வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொண்டால் இந்த நோய் போகாது, ஈரல்தான் கெடும். ஏட்ராவின் அளவை உடம்பின் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள், ஒரு சதுர மீட்டருக்கு 45 மில்லிகிராம் வீதம். என் உடம்புக்கு ஒரு நாளைக்கு 70 மில்லிகிராம், அதாவது காலையில் மூன்று, இரவில் நான்கு காப்ஸ்யூல்.

இது வேலை செய்யும் விதத்தை டாக்டர் சொன்னபோது, என் தொழிலை வைத்துத்தான் எனக்குப் பிடிபட்டது. இந்த நோயில் 15-ஆவது குரோமோசோமும் 17-ஆவது குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 1977-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற அம்மையார் கண்டுபிடித்துச் சொன்னது இது. அச்சடித்த பெரிய தாளை (பாரம் என்போம்) மடிக்கும்போது 15-ஆம் பக்கத்தின் பாதியும் 17-ஆம் பக்கத்தின் பாதியும் மாறிச் சேர்ந்துவிட்டால் எப்படி இருக்கும்? எழுத்து ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், வாக்கியம் மட்டும் பித்துப் பிடித்து ஓடும். அப்படிப் பிறக்கிற ஒட்டுப் புரதம்தான் அணுவை முதிரவிடாமல் தடுத்து நிறுத்துகிறது. ஏட்ரா அந்தப் புரதத்தின் 17-ஆம் பக்கத்துப் பாதியைப் பிடிக்கிறது. ஆர்சனிக் 15-ஆம் பக்கத்துப் பாதியைப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து இழுத்தால் ஒட்டு சிதைந்துபோகிறது, தேங்கி நின்ற அணு முதிர ஆரம்பிக்கிறது. வழக்கமான கீமோ பக்கத்தையே கிழித்துப் போடும், இந்த மருந்துகள் பிழையைத் திருத்திப் பக்கத்தைக் காப்பாற்றும்.

ஆர்சனிக் என்றதும் உங்கள் பெட்டிச் செய்தி நினைவுக்கு வருகிறது. 'ஆர்சனிக் என்ற விஷத்தை நோயாளிகளுக்கு ஏற்றும் விபரீதமும் நடக்கிறது' என்று ஆச்சரியக்குறியோடு போட்டிருந்தீர்கள். அந்த ஆச்சரியக்குறியை நான் அடித்திருப்பேன். என் மனைவிக்கும் முதலில் அதே அதிர்ச்சிதான். ஆர்சனிக் ட்ரையாக்சைடு என்றால் என்ன என்று கேட்டாள். நம் பாஷையில் வெள்ளைப் பாஷாணம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. "என்னங்க, பாஷாணத்தையா ஏத்தப் போறாங்க?" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

1970-களில் சீனாவின் ஹார்பின் நகரத்தில் ஜாங் டிங்டாங் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் நாட்டு வைத்தியக் கலவை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். அதில் ஆர்சனிக், பாதரசம், தேரை நஞ்சு மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில், வேலை செய்தது ஆர்சனிக் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் ஷாங்காயில் வாங் ஜென்யி என்ற மருத்துவர் 1985-இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஏட்ரா கொடுத்தார், அவள் தேறினாள். 1988-இல் அவரது குழு 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. 23 பேருக்கு ஏட்ராவிலேயே நோய் அடங்கியிருந்தது. இந்த நோயை முதன்முதலில் தனியாகப் பிரித்துக் காட்டியவர் ஹில்லஸ்டாட் என்ற நார்வே மருத்துவர். 1957-இல் மூன்று நோயாளிகளை வைத்து எழுதினார். சில வாரங்களிலேயே ஆளை முடித்துவிடும் நோய் என்பதுதான் அவர் கண்டது. அதற்கும் ஷாங்காய்க் குழுவின் 1988-க்கும் இடைப்பட்டது 31 வருடம், நான் புரூஃப் பார்த்த காலம் எவ்வளவோ அவ்வளவு.

இந்தக் கதையில் வேலூருக்கும் பங்கு உண்டு. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், ஏட்ராவும் இல்லாமல் ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்து, 72 நோயாளிகளில் 100-க்கு 86 பேருக்கு நோயை அடக்கியதை 2006-இல் வெளியிட்டார்கள். கடைசியாக 2013-இல், ரோமைச் சேர்ந்த பிரான்செஸ்கோ லோ-கோகோ தலைமையில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வு, ஏட்ராவோடு ஆர்சனிக்கையும் ஏட்ராவோடு கீமோவையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. வெள்ளையணு 10,000-க்கு மேல் போகாத பெரியவர்கள்தான் அதில் இருந்தார்கள். ஆர்சனிக் வாங்கிய 77 பேருக்கும் நோய் அடங்கியது. இரண்டு வருட முடிவில், நோய் திரும்புவது போன்ற எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்தவர்கள் ஆர்சனிக் பக்கம் 100-க்கு 97 பேர், கீமோ பக்கம் 86 பேர். இதைத்தான் நீங்கள் விபரீதம் என்றீர்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு ஏறியது சுத்திகரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்த மருந்து. கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் வீதம், 60 கிலோவான எனக்கு ஒரு நாளைக்கு 9 மில்லிகிராம், இரண்டு மணி நேர டிரிப். நான் வீடு திரும்பிய பிறகு தெரிந்தவர் ஒருவர் பொட்டலத்தில் ஏதோ பஸ்பம் கொண்டுவந்தார். "அதுவும் பாஷாணம், இதுவும் பாஷாணம். எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலையணும்?" என்றார். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆர்சனிக் இதயத் துடிப்பின் லயத்தையே குலைக்கக்கூடியது. அதனால்தான் டிரிப் காலத்தில் அடிக்கடி ஈசிஜி எடுத்தார்கள், பொட்டாசியம் 4-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள், சில ஆன்டிபயாட்டிக்குகளை என் பக்கமே வரவிடவில்லை. பொட்டலத்துக்கு ஈசிஜி கிடையாது.

நல்ல மருந்து என்பதால் வலிக்காத மருந்து என்று யாரும் எண்ண வேண்டாம். ஒன்பதாவது நாள் எனக்கு மூச்சு வாங்கியது. காய்ச்சல் வேறு. இரண்டு நாளில் நான்கு கிலோ எடை ஏறியிருந்தது, விரலில் மோதிரம் இறுகிப்போய் நூல் சுற்றிக் கழற்றினார்கள். 1,900 இருந்த வெள்ளையணு 22,000 ஆகியிருந்தது. மருந்து நோயை வளர்க்கிறது என்றே நினைத்தேன், சிஸ்டரிடம் 'போதும், நிறுத்திடுங்க' என்றும் சொன்னேன். டாக்டர் சிரித்தார். தேங்கிக் கிடந்த அணுக்கள் மொத்தமாக முதிரும்போது வரும் கலவரம் இது, டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோம் என்று பெயர், நாங்கள் எதிர்பார்த்ததுதான் என்றார். சந்தேகம் வந்த அந்த வேளையே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போட்டார்கள், வேளைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. நீர் இறங்க மருந்து, வெள்ளையணுவை அடக்க ஹைட்ராக்ஸியூரியா. நான்கு நாளில் மோதிரம் மறுபடி விரலில் ஏறியது. இதிலும் 'பார்க்கலாம்' என்று ஒரு நாள் விட்டிருந்தால் கதை வேறு.

மற்றதெல்லாம் நீளமே தவிர சுவாரசியமில்லை. 34 நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். பிறகு நான்கு வாரம் டிரிப், நான்கு வாரம் ஓய்வு, வாரத்துக்கு ஐந்து நாள், அப்படி நான்கு சுற்று. மொத்தம் 80 டிரிப். காப்ஸ்யூல் இரண்டு வாரம் உண்டு, இரண்டு வாரம் இல்லை, அப்படி ஏழு தடவை. உதடு காய்ந்து வெடிக்கும். காப்ஸ்யூல் வாரங்களில் தலைவலி வரும், கண்ணில் எரிச்சல் வரும். டிரிப் ஏறும் இரண்டு மணி நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் கொண்டுவரும் பத்திரிகைகளில் பிழை பார்ப்பேன். உங்கள் பத்திரிகையும் அதில் ஒன்று. பரவாயில்லை, மற்றவற்றைவிடக் குறைவுதான். எல்லாம் முடிந்து எடுத்த மரபணுச் சோதனையில் அந்த ஒட்டுப் புரதத்தின் சுவடு இல்லை. இன்றுவரை இல்லை.

100-க்கு 97 என்ற எண்ணை மேலே எழுதினேன் அல்லவா, அதைப் பெட்டி கட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் கணக்கு அது. சேர்வதற்கு முன்பே போய்விட்டவர்கள் அந்த 100-க்குள் வரமாட்டார்கள். ஸ்வீடனில் 1997 முதல் 2006 வரை இந்த நோய் கண்ட பெரியவர்கள் எல்லோரையும், ஆய்வில் சேர்ந்தவர் சேராதவர் என்று பார்க்காமல், பதிவேட்டிலிருந்து எடுத்துக் கணக்கிட்டார்கள். 100-க்கு 29 பேர் முதல் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். ஏட்ரா வந்து பல வருடம் ஆன பிறகுதான் அந்தக் கணக்கு. தம்பி எந்த ஆய்விலும் இல்லை. இந்த நோயில் இனி மிச்சமிருக்கும் பெரிய பிரச்சினை முதல் சில நாட்கள்தான். அந்த நாட்களைப் பற்றித்தான் உங்கள் கட்டுரை 'பொறுத்திருங்கள்' என்கிறது.

ஐரோப்பிய லுகேமியா நிபுணர் குழுவின் பரிந்துரை 2009-இலும் 2019-இலும் வெளியானது. மரபணு உறுதிப்பாட்டுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்தவுடனே ஏட்ராவைத் தொடங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆகவே நான் சொல்வது ஒரு பழைய நோயாளியின் பதற்றமல்ல, உலகம் முழுக்க மருத்துவர்கள் கைக்கொள்ளும் முறை. அது மூத்த நிபுணர்களுக்குத் தெரியும். முதலில் பார்க்கிற டாக்டருக்கும், பரிசோதனைக் கூடத்தில் இருப்பவருக்கும், உங்கள் பத்திரிகையைப் படிக்கிற வீட்டு ஆட்களுக்கும் தெரிய வேண்டும்.

திருத்தத்தை நானே எழுதி அனுப்புகிறேன்:

"சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், ரத்தப் புற்றுநோயில் மரபணுப் பரிசோதனை முடிவு வந்த பிறகு சிகிச்சையைத் தொடங்கினால் போதும் என்று வெளியாகியிருந்தது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற வகைக்கு இது பொருந்தாது. ரத்தப் புற்றுநோய் என்ற சந்தேகத்தோடு, உடம்பில் காரணமில்லாமல் கன்றல்கள், ஈறில் அல்லது மூக்கில் நிற்காத ரத்தக் கசிவு ஆகியவை இருந்தால், அன்றே ரத்த நோய் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த வகையாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதினால், முடிவுக்குக் காத்திராமல் ஏட்ரா மருந்தைத் தொடங்குவதே முறை. தசை ஊசி, பல் பிடுங்குதல் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: 'இது ஏபிஎல் ஆக இருக்குமா?'"

இந்தக் கடிதத்தை இடத்துக்குத் தகுந்தபடி வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரத்தை வெட்டலாம், ஷாங்காயை வெட்டலாம், என் வேலையைப் பற்றிச் சொன்னதை எல்லாம் வெட்டலாம். மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் ஒரு சொல்லும் குறையாமல் போடுங்கள். திருத்தங்களை நீங்கள் வழக்கமாகப் போடும் கடைசிப் பக்கத்து மூலையில் வேண்டாம். அந்தக் கட்டுரை வந்த பக்கத்தில், அதே எழுத்து அளவில் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு புரூஃப் அனுப்பினால் அன்றே பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்